தலைவரின் சொல்லும் லயத்தின் செவியும்: ஊவாத் தோட்டத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு நோக்கு

அரசியல் தலைவர்களைப் பற்றி எழுதப்பெறும் வரலாறுகள் பெரும்பாலும் மேடையை நோக்கியே எழுதப்படுகின்றன. மேடையில் நின்றவர் யார், அவர் கூறியது யாது, கூடியிருந்தோர் எத்தனை பேர் என்பனவே அவற்றின் பொருளாகின்றன. மேடையினின்றும் புறப்பட்ட சொல் எவ்வழியாகக் கேட்போரை அடைந்தது, இடையில் நின்று அதனைச் சுமந்தவர் யாவர், கேட்டவரின் மறுமொழி மேடைக்குத் திரும்பிச் சென்றதா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாற்றில் இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டுத் தலைமையைப் பற்றிப் பேசுதல் இயலாது. ஏனெனில், அங்கே தலைவரும் அவரைப் பின்பற்றியோரும் ஒரே தாய்மொழியினராக இராத காலம் இருந்தது. தலைவர் தோட்டத்தினுள் கால்வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது.

ஊவாவின் புவியியலை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டிலேயே பதுளையை எட்டியது. அப்பாதையின் அருகே அமைந்த அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் ஓரளவு வெளியுலகத் தொடர்பு பெற்றவை. பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் சென்று சேர்வது வேறு கதை. நமுனுகுல மலையின் சரிவுகளில் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குச் செய்தி செல்ல வேண்டுமாயின் யாரேனும் ஒருவர் நடந்தே செல்ல வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்களின் தலைமையகங்களோ ஹற்றனிலும் கொழும்பிலும் இருந்தன. ஆதலின், ஊவாத் தொழிலாளிக்குத் தலைவர் என்பவர் பெரும்பாலும் பிறர் வாயிலாகக் கேட்டறியப்பட்டவரே.

தோட்டத்தினுள் சொல் செல்லும் வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. துரையின் கட்டளை கணக்கப்பிள்ளைக்கும், அவர் வாயிலாகக் கங்காணிக்கும், கங்காணியின் வாயிலாக லயத்துக்கும் இறங்கியது. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டுப் பிரட்டுக்களத்தில் கூடியோர், அன்று எந்த மலையில் எந்த வேலை என்பதைக் கேட்டுக்கொண்டு கலைந்தனர். புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென அச்சிடப்பட்ட கைந்நூல் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’ என்பதாகும். அந்நூலைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தோட்டத்தில் மொழி எதற்காகப் பயன்பட்டது என்பதைப் பெயரே கூறிவிடுகின்றது. ஏவல் வினைகளால் ஆகிய ஒரு தமிழ் அது. வினவுவதற்கோ, விடையைக் கேட்பதற்கோ அதில் இடமில்லை.

இவ்வமைப்பில் பெரிய கங்காணியே மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் விளங்கினார். தொழிலாளரை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர். அவர்களுடைய கடனை எழுதி வைத்திருந்தவர் அவர். அவர்களின் தலையெண்ணிக்கைக்குத் தலைக்காசு பெற்றவரும் அவரே. துரையிடம் தொழிலாளியைப் பற்றியும், தொழிலாளியிடம் துரையைப் பற்றியும் எதனைக் கூறுவது, எதனை மறைப்பது என்பதைத் தீர்மானிக்கும் வல்லமையே அவருடைய செல்வாக்கின் அடிப்படையாக இருந்தது. 1921 இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்தது. இவற்றால் கங்காணியின் பொருளாதாரப் பிடி தளர்ந்தது. எனினும், அவர் நின்ற இடம் வெறுமையாகிவிடவில்லை. துரைக்கும் லயத்துக்கும் இடையே நின்று பேசுவதற்கு யாரேனும் ஒருவர் வேண்டியிருந்தார். அடுத்த அரைநூற்றாண்டில் ஊவாவில் தோன்றிய தலைமைகள் யாவும் அவ்விடத்தை யார் நிரப்புவது என்னும் போட்டியின் விளைவுகளே எனலாம்.

இதனை முதலில் உணர்ந்தவர் கோ. நடேசய்யர். பத்திரிகையாளராக வாழ்வைத் தொடங்கிய அவர், துணி வியாபாரி போல் வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தார் என்று கூறப்படுகின்றது. ‘தேசபக்தன்’ ஆசிரியராகிய அவருக்கு அச்செழுத்தின் ஆற்றலும் தெரியும், அதன் எல்லையும் தெரியும். எழுத்தறியாதாரிடம் பத்திரிகை செல்லாது, பாட்டுச் செல்லும். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே பாடல்களைப் பாடித் தொழிலாளரின் நிலையை எடுத்துரைத்தார். மேடையேறிப் பெண்ணொருவர் பாடியது தோட்டப் பெண்களுக்கு எத்தகைய செய்தியாக அமைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். நடேசய்யர் கொழும்புத் தொழிலாளர் தலைவராகிய ஏ. ஈ. குணசிங்ஹவுடன் நெருங்கிப் பணியாற்றியவர். 1920 களின் இறுதியில் குணசிங்ஹ இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தபோது அவ்வுறவு முறிந்தது. 1931 இல் ஹற்றனில் தமது சங்கத்தை நிறுவிய நடேசய்யர், 1936 இல் அத்தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆயினும், அவருடைய இயக்கம் அவருடைய குரலின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் பேசாத இடத்தில் அவருக்காகப் பேசுவதற்கு அமைப்பு உருவாகவில்லை.

தலைவரின் குரல் ஒன்றே போதுமாயின் என்ன நிகழும் என்பதற்கு 1937 ஏப்ரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டு. தோட்டத்துரைத் தொழிலைக் கற்பதற்காக வந்து, தொழிலாளர் பக்கம் சார்ந்தமையால் வேலையிழந்த பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் அங்கே சமசமாஜ மேடையில் தோன்றினார். வெள்ளைத்துரையொருவரே துரைமாரின் அநீதிகளை எடுத்துரைக்கக் கண்ட தொழிலாளர், அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘சாமி, சாமி’ என்று குரலெழுப்பினர். அக்கூட்டத்தை உளவு பார்த்தோர் எழுதிய அறிக்கையே இதனைப் பதிவு செய்துள்ளது. தேசாதிபதி அவரை நாடுகடத்த ஆணையிட்டதும், உயர்நீதிமன்றம் அவரை விடுவித்ததும் யாவரும் அறிந்தவை. ஈண்டு நோக்கற்பாலது அந்தச் ‘சாமி’ என்னும் சொல்லேயாகும். துரையை அழைத்த அதே பணிவோடு துரையின் எதிரியையும் அழைத்தனர். கேட்டவர் தம் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மேலே நின்றவர் மட்டுமே மாறினார். ஆயினும், துரைமார் சட்டத்தை மீறுவதை இனிப் பொறுத்துக்கொள்ளலாகாது என்று தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்டதையும் அதே அறிக்கை கூறுகின்றது. இரண்டும் ஒரே கூட்டத்தில், ஒரே வாய்களிலிருந்து எழுந்தவை.

மூன்றாண்டுகளுக்குப் பின் ஊவாவில் நிகழ்ந்தது இதனினும் வேறானது. அதுவே இக்கட்டுரையின் மையப் பொருள்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த வழக்குகள் தொடர்பாகத் தேசாதிபதி கால்டெகொட்டுக்கும் அமைச்சர்களுக்கும் முரண்பாடு முற்றி, அமைச்சர்கள் பதவி துறந்து பின்னர் மீண்டும் ஏற்கும் அளவுக்கு நிலைமை சென்றது. விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். இதனைச் சட்டத்துறைச் செய்தியாக மட்டும் கருதிவிடலாகாது. அதுகாறும் தோட்டத்தில் மொழிபெயர்ப்பு ஒரே திசையில், மேலிருந்து கீழாகவே சென்றது. லயத்தில் நிகழ்ந்ததை ஆட்சியாளரின் மொழியில், ஆட்சியாளரின் மன்றத்தில், அவர்கள் பதிலளிக்கக் கடமைப்பட்ட முறையில் எடுத்துரைத்தமை எதிர்த்திசை மொழிபெயர்ப்பாகும். அச்செய்தி மலைகளைக் கடந்து ஊவாவுக்கும் சென்றது.

வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கிப் பரவி ஊவாவை அடைந்தபோது, அதன் தன்மை மாறியது. நிறுத்தங்கள் நீண்ட நாட்கள் நீடித்தன. தொழிலாளர் சமசமாஜக் கட்சியின் தலைமையைத் தாமே நாடினர். வில்லி ஜயதிலக்க, எட்மண்ட் சமரக்கொடி, வி. சித்தம்பலம் ஆகியோர் ஊவாவில் அமைப்பு வேலைகளை முன்னின்று நடத்தினர். கட்சியின் தலைவர்களுள் முதன்மையானவராகிய என். எம். பெரேரா லண்டனில் அரசியல் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ருவன்வெல்லத் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். சிங்களக் கிராமத்தில் மலேரியா நிவாரணப் பணியால் பெயர்பெற்றவர். தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கும் அவருக்கும் இடையே மொழியும் கல்வியும் வாழ்க்கை முறையும் பெரும் இடைவெளியாக நின்றன. அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் அவருடன் நெருங்கிப் பணியாற்றிய மேற்கூறியோரே. தமிழரும் சிங்களவரும் கலந்த அக்குழுவினர் சொல்லைச் சுமந்து செல்வதோடு நில்லாது, சொல் திரும்பி வருவதற்கான வழியையும் அமைத்தனர். வேலைநீக்கம், சம்பளப் பிடித்தம், சங்கத்தை ஏற்க மறுத்தல் என ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய குறைகள் வேறுவேறானவை. அவற்றைத் தோட்டந்தோறும் கேட்டறிந்தவருக்கே வேலைநிறுத்தம் எதற்காக என்பது விளங்கும்.

தோட்டத்துரைமாரின் வேண்டுதலுக்கிணங்கப் பதுளை நீதவான் கூட்டங்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். 1940 மே 12 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையில் பெருங்கூட்டமொன்றில் உரையாற்றினார். பொலிஸார் ஒன்றும் செய்ய இயலாதவராய் நின்றனர். ஐரோப்பாவில் ஜேர்மன் படைகள் பிரான்சை நோக்கிப் பாய்ந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. ஏகாதிபத்திய அரசு மிகுந்த பதற்றத்தில் இருந்த வேளை அது.

அன்று அவர் உரைத்த வாசகங்களைவிட அவர் அங்கு நின்ற செயலே பெரிய செய்தியாக இருந்தது. தலைமை பற்றிய ஒரு நுட்பம் இதில் அடங்கியுள்ளது. சட்டத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டிவிட்டுத் தாம் கொழும்பில் அமர்ந்திருக்க அவரால் இயன்றிருக்கும். அவ்வாறு செய்த தலைவர்கள் வரலாற்றில் பலர். தடையை மீறும் தண்டனை தம் தலைமேல் முதலில் விழுமாறு அவர் தம்மை அங்கே நிறுத்திக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. துரையின் சொல்லை மீறினால் பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு, நீதவானின் சொல்லையே மீறிய ஒருவர் மாலையில் எவ்விதத் தீங்குமின்றித் திரும்பிச் செல்வதைக் கண்டதே போதுமான பாடமாயிற்று.

இக்காலப் பகுதியின் மிக வியத்தகு நிகழ்ச்சி வேவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்தது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் அங்கே தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றை அமைத்தனர். தோட்டத்துரை அச்சபையுடன் கலந்தாலோசித்தே கருமமாற்ற இணங்க வேண்டியதாயிற்று. சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட ஆயுதத்துடன் அனுப்பப்பட்ட பொலிஸ் குழுவொன்றின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர்.

பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்த செய்தியே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றது. அதில் வீரச்சுவை உண்டு என்பது உண்மையே. ஆயினும், வரலாற்று நோக்கில் அச்சபையே முதன்மையானது. கட்டளை ஒரு திசையில் மட்டும் சென்ற தோட்டமொன்றில், சிறிது காலமேனும், துரை வினவவும் தொழிலாளர் விடைகூறவும் வேண்டிய நிலை பிறந்தது. பிரட்டுக்களத்துக்கு எதிரான மற்றொரு களம் என்று அச்சபையை அழைப்பின் மிகையாகாது. மேலும், அச்சபை தலைவர் ஒருவரின் நியமனமன்று, தொழிலாளரின் தெரிவு. நாவலப்பிட்டியில் ‘சாமி’ என்று அழைத்தவர்களும் வேவெஸ்ஸத்தில் தம்முள் சிலரைத் தெரிவுசெய்தவர்களும் ஒரே லய வாழ்வினரே. மூன்றாண்டு இடைவெளியே இரண்டுக்கும் உண்டு. தலைவருடன் நெருங்கிப் பணியாற்றிய ஊவா அமைப்பாளர்கள் அவரை மேலும் உயர்ந்த பீடத்தில் ஏற்றுவதையே தம் பணியாகக் கொண்டிருப்பின் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

இவ்வெற்றி நீடிக்கவில்லை. பொலிஸாரின் கடுமையான அடக்குமுறையும் இயற்கையின் சீற்றமும் ஒன்றுசேர்ந்தன. பெருமழையால் எழுந்த வெள்ளம் ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்தது. சொல்லின் வழி எனத் தொடக்கத்தில் கூறியது இங்கே உவமையாக நில்லாது உண்மையாகவே அறுந்தது. வேலைநிறுத்தக்காரரின் நிலை கொழும்புக்குத் தெரியவில்லை. கொழும்பின் செய்தி லயங்களுக்கு எட்டவில்லை. மலைக்கு மலை ஆதரவு பரவிய இயக்கம் தனித்தனித் தோட்டங்களாகச் சிதறியது. அடக்குவோருக்கு அது வாய்ப்பாயிற்று. ஜூன் 18 ஆம் நாள் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, சமரக்கொடி ஆகியோரும், அடுத்து கொல்வினும் கைதாயினர். அடுத்த மாதமே தோட்ட முதலாளிமாருக்கும் சங்கங்களுக்கும் இடையே ‘ஏழு அம்ச உடன்படிக்கை’ ஏற்பட்டது. போராடியோர் சிறையில் இருக்க, போராட்டத்தின் பலனாகிய அங்கீகாரத்தைப் பெற்றுப் பேச்சுமேசையில் அமர்ந்தோர் வேறு சிலர் என்பது வரலாற்றில் புதிய நிகழ்ச்சியன்று.

சமசமாஜரின் பின்னடைவுக்குச் சிறைவாசத்தை மட்டும் காரணங்காட்டுதல் பொருந்தாது. யுத்தத்தை எதிர்த்தல், உலகப் புரட்சி, கட்சியினுள் எழுந்த கோட்பாட்டுப் பிளவு முதலியன அவர்களுடைய சிந்தையைப் பெரிதும் ஆட்கொண்டிருந்தன. இவற்றுக்கும் லயத்து மனிதரின் கோவிலுக்கும் ஊர்த்தொடர்புக்கும் உறவுமுறைக்கும் இடையே பாலம் அமைக்க அவர்கள் போதிய அக்கறை காட்டவில்லை. 1939 ஜூலை 25 ஆம் நாள் ஜவஹர்லால் நேருவின் வருகையையொட்டித் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்பாலத்தை எளிதில் அமைத்தது. அதற்குக் காந்தியின் பெயர் இருந்தது, நேருவின் படம் இருந்தது, தமிழ் இருந்தது. 1942 இல் சமசமாஜக் கட்சி தடைசெய்யப்பட, களம் காங்கிரசின் கைக்கு வந்தது.

காங்கிரஸ் தோட்டந்தோறும் ஒரு கமிட்டியை அமைத்தது. அதன் தலைவரை ‘தோட்டத் தலைவர்’ என்றனர். பெண்களுக்கு மாதர் சங்கத் தலைவி இருந்தார். சந்தா திரட்டுதல், குறைகளைக் கேட்டுத் துரையிடம் கொண்டு செல்லுதல், தீராதவற்றைப் பதுளையிலுள்ள மாவட்டக் காரியாலயத்துக்கு எடுத்துச் செல்லுதல் ஆகியன தோட்டத் தலைவரின் பணிகள். மாவட்டப் பிரதிநிதி அதனை ஆங்கிலக் கடிதமாக்கித் துரைக்கு அனுப்புவார். கொழும்பிலுள்ள பெருந்தலைவருக்கும் லயத்திலுள்ள சிறுதலைவருக்கும் ஒரே சொல்லே வழங்கியமை கவனித்தற்குரியது. சௌமியமூர்த்தி தொண்டமானின் அமைப்புத் திறன் இதிலேயே அடங்கியிருந்தது. றம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளராக உயர்ந்த ஒருவரின் மைந்தராகிய அவர், கங்காணிகளும் வியாபாரிகளும் நிறைந்த காங்கிரசின் தொடக்க நிலையை நன்கறிவார். கங்காணி நின்ற இடத்தில் தொழிலாளர் தெரிவுசெய்யும் தலைவரை நிறுத்தியதன் வாயிலாக, அவர் துரையின் சொல்வழிக்கு இணையானதொரு சொல்வழியைத் தமக்கென உருவாக்கிக்கொண்டார். நடேசய்யருக்கு இல்லாதது இவருக்கு வாய்த்தது.

இவ்வமைப்பின் வலிமை 1947 பொதுத்தேர்தலில் வெளிப்பட்டது. தெரிவுசெய்யப்பட்ட 95 இடங்களில் காங்கிரஸ் ஏழினை வென்றது. இரட்டை அங்கத்தவர் தொகுதியாகிய பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். ஊவாத் தோட்டத் தொழிலாளி தன் வாக்கினால் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அந்த வெற்றி ஒரு முறைக்குமேல் நீடிக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவனை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 இல் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடத்தியும் பயன் விளையவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் அச்சமூகத்தின் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை.

இதன் விளைவு தலைமையின் தன்மையையே மாற்றியது. வாக்குரிமை உள்ளவனுக்குத் தலைவர் பலருள் ஒருவர். பிடிக்காதவரை அவன் மாற்றலாம். வாக்குரிமை இழந்தவனுக்கோ அரசுடன் பேசக்கூடிய ஒரே வாய் சங்கத் தலைவருடையதே. 1960 இல் தொண்டமான் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பிரதிநிதி, அம்மக்களின் வாக்கினாலன்றி ஆட்சியாளரின் நியமனத்தினால் அங்கே அமர்ந்தார். ஆகவே, கீழிருந்து மேலாகச் செல்வதற்கு அமைக்கப்பட்ட தோட்டத் தலைவர் முறை, காலப்போக்கில் மேலிருந்து வரும் முடிவைக் கீழே சேர்ப்பிக்கும் வழியாகவும் மாறியது. பல தோட்டங்களில் தலைவர், பழைய கங்காணியைப் போலவே, எதனைச் சொல்வது எதனை மறைப்பது என்று தீர்மானிப்பவரானார். இக்குறையைத் தொண்டமான் என்னும் தனிமனிதரின் இயல்பாக மட்டும் காண்பது நியாயமன்று. சட்டம் ஏற்படுத்திய தனிவழிப் பாதையின் விளைவு அது. அதே வேளையில், அவருடன் மிக நெருங்கிப் பணியாற்றியோரே ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்து சென்றனர் என்பதையும் மறைத்தலாகாது. 1956 அளவில் ஏ. அஸீஸ் பிரிந்து தனிக் காங்கிரஸ் கண்டார். 1965 இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவினார். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வெள்ளையனின் பக்கமே நின்றார். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டிய ஒருவர், அதாவது கேட்பதையே தம் தொழிலாகக் கொண்ட ஒருவர், அவ்வமைப்பினுள் நிலைக்க இயலாது போனமை சிந்தித்தற்குரியது.

சொல் கேட்கப்படாமையின் உச்சம் 1964 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்பதாக விட்டது. 1974 இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்டவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அவ்வரசாங்கத்தின் நிதியமைச்சர் என். எம். பெரேரா. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்த கட்சியின் தலைவர்; 1940 இல் பதுளையில் தடையை மீறி நின்றவர். அவருடைய வாழ்வில் இவை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இனிய பணியன்று. கூட்டரசாங்கத்தின் நெருக்கடிகளை எடுத்துக்காட்டி அவரை ஆதரித்து வாதிடுவோர் உளர். ஆனால், வேவெஸ்ஸத்தில் துரை கூடத் தொழிலாளரின் சபையைக் கேட்டே கருமமாற்ற வேண்டியிருந்தது என்பதையும், அவ்வாறு கேட்க வேண்டும் என்று கற்பித்த இயக்கம் அவருடையதே என்பதையும் அவ்வாதங்கள் மறைத்துவிடா. அவர் மாறினார் என்பதைவிட, ஊவாவிலிருந்து அவரிடம் சொல் கொண்டுசெல்லும் வழி 1940 இன் பின் மீண்டும் அமைக்கப்படவேயில்லை என்பதே உண்மைக்கு நெருங்கியது.

ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா சென்றோர் மலையகப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் சென்றனர். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். தலைவர்கள் எவரும் சூட்டாத பெயர் அது.

தொண்டமானின் செய்தித் தொடர்புத் திறன் முழுமையாக வெளிப்பட்டது 1986 ஜனவரியில். அப்போது அவர் 1978 முதல் அமைச்சர். பிரஜாவுரிமைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. நாட்டில் அவசரகாலச் சூழ்நிலை. 1983 இன் வன்செயல்களில் ஊவாவும் எரிந்திருந்தது. அரசாங்கத்தின் அமைச்சர் அதே அரசாங்கத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் அறிவித்தல் இயலாது. தைப்பொங்கலையொட்டி அவர் அறிவித்ததோ பிரார்த்தனை. காலையில் தொழிலாளர் கோவிலில் கூடி இறைவனை வேண்டுவர். அதன் பின்னரே மலைக்குச் செல்வர். கொழுந்து நிறுவைக்கு வராமல் நிற்கும். ஆயினும், வழிபடுவோரைச் சட்டவிரோதமாகக் கூடியோர் என்று கூற எவருக்கும் நா எழாது. தோட்டந்தோறும் மாரியம்மன் கோவில் இருந்தது. தோட்டந்தோறும் தலைவர் இருந்தார். செய்தி செல்ல வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டிலேயே அதற்கான சட்டமும், 1988 இல் எஞ்சியோரின் நிலையைத் தீர்க்கும் சட்டமும் வந்தன.

அப்பிரார்த்தனையில் அமர்ந்தோர் அதற்கான முடிவை எடுத்தவர்களல்லர். முடிவைக் கேட்டு நிறைவேற்றியோர். எனினும், நாற்பது ஆண்டுகளாகத் தம்மைப் பற்றிய முடிவுகளைப் பிறர் எடுக்கக் கேட்டு வந்தவர்கள், இம்முறை ஒரு முடிவு தமக்குச் சாதகமாக முடிந்ததைக் கண்டனர். வேவெஸ்ஸச் சபையின் வழி அன்று இது. ஆனால், அச்சபையினால் இயலாததொன்றை இது ஈட்டித் தந்தது என்பதை மறுத்தலும் இயலாது. அழுகைக் கோச்சியில் சென்று, கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. அவர்களுள் பலருடைய உறவினர் இன்றும் பசறையிலும் மடுல்சீமையிலும் உள்ளனர்.